முகவாதத்துக்கு அக்குபங்சர்: 2 ஆண்டுகளுக்குப் பிறகு எழுதுகிறேன்

காலையில் வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடது கடைவாய் வழியே தானாக ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் இடது கண் மூட மறுக்கிறது, வாய் வலப்பக்கம் கோணியிருக்கிறது. பக்கவாதம் என்று வீடே பதறியது. மருத்துவர் முதலில் நெற்றியைச் சுருக்கச் சொன்னார். மூளையில் வரும் பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி சுருங்கும். எனக்கு இடது பாதி ஒரு கோடுகூட விழாமல் வழவழப்பாக இருந்தது. முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பு, காதருகே எலும்புக்குள் இருக்கும் குறுகிய பாதையில் வீங்கி நசுங்கியிருக்கிறது, இதுதான் பெல்ஸ் பால்சி என்று விளக்கினார்.

ஸ்டீராய்டு மாத்திரையை அன்றே தொடங்கிவிட்டேன். 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதற்குப் பலன் அதிகம். ஊசியே போதும் என்று அந்த மூன்று நாட்களையும் நழுவவிட்டவர்களை அக்குபங்சர் நிலையத்தில் சந்தித்தேன். அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

மூன்றாவது வாரத்தில் அக்குபங்சருக்குப் போனேன். வாரம் இரண்டு முறை, மொத்தம் 12 அமர்வுகள். புருவத்துக்கு மேல், கடைவாய் ஓரம், தாடை, காது மடலுக்குப் பின்புறம் என்று முடிபோன்ற மெல்லிய ஊசிகள். முகத்தில் குத்தியது தெரியவேயில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் ‘ஹெகு’ புள்ளியில் மட்டும் ஒரு கனம் இறங்கி மணிக்கட்டுவரை பரவியது. காதுக்குப் பின்னால் இருந்த வலி தணிந்தது. அந்த இரவுகளில் நன்றாகத் தூங்கினேன். ஒருமுறை கன்னத்தில் இரத்தம் கன்றியது, ஒரு வாரத்தில் மறைந்தது.

ஐந்தாவது அமர்வுக்குப் பிறகு மூக்கின் இடது ஓரம் லேசாகத் துடித்தது. அழுதுவிட்டேன். ஆனால் ஊசிதான் குணப்படுத்தியது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பெல்ஸ் பால்சி வந்தவர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் சிகிச்சையே இல்லாமலும் முழுமையாகத் தேறுகிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2010ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பும், அதுவரை நடந்த ஆய்வுகளின் தரத்தை வைத்து அக்குபங்சரின் பலனை முடிவு செய்ய இயலாது என்றே கூறியது.

கண்ணைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மூடாத கண் காய்ந்து கருவிழியில் புண் வரலாம். பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு, இமையை மூடி ஒட்டும் டேப் என்று இரண்டு மாதம் ஒருநாளும் தவறவில்லை. எந்த ஊசியும் இதற்கு மாற்று இல்லை.

இப்போது முகம் ஏறக்குறைய நேராகிவிட்டது. ஆனால் மென்று சாப்பிடும்போது இடது கண் சுருங்குகிறது. மீண்டும் வளர்ந்த நரம்பு இழைகள் தசை மாறிப் போய்ச் சேர்ந்ததால் வருவது இது. இதற்காக மறுபடியும் 6 அமர்வுகள் போனேன், மாற்றம் இல்லை. முகத்தில் மின்தூண்டல் கொடுக்கலாம் என்றார்கள். இந்தக் கோளாறு கூடிவிடலாம் என்று பிசியோதெரபிஸ்ட் எச்சரித்ததால் மறுத்துவிட்டேன். அவர் கற்றுக்கொடுத்த பயிற்சிதான் கைகொடுக்கிறது: கண்ணாடி முன் உட்கார்ந்து, இடது கண்ணை அகலத் திறந்தபடி, உதட்டோரத்தை மட்டும் மெல்ல உயர்த்துகிறேன். கண் சுருங்கத் தொடங்கும் கணத்தில் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குகிறேன். பல் தெரியாத சிறு புன்னகைவரை இப்போது கண் அசையாமல் நிற்கிறது.