பன்னிரண்டு பேர் போதுமா, யாரும் வரலாமா?

தொழில் தொடர்புகளை வளர்க்க மாதந்தோறும் ஆட்களைக் கூட்ட நினைப்பவர் முதலில் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் கூடும் வட்டமா, விருப்பமுள்ள எவரும் வந்துபோகும் கூட்டமா?

முதல் வகைக்குப் பழைய உதாரணம், பின்னாளில் அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் 1727-இல் பிலடெல்பியாவில் தொடங்கிய 'ஜுன்டோ'. அப்போது அவர் இன்னொருவரின் அச்சகத்தில் வேலை பார்த்த 21 வயது இளைஞர். வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடினார்கள். பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. கேட்க வேண்டிய கேள்விகளை எழுதியே வைத்திருந்தார்கள்: ஊருக்குப் புதிதாக வந்த தகுதியான ஆள் யாரேனும் உண்டா? உங்கள் முயற்சிக்கு நாங்கள் எப்படி உதவலாம்?

அவர் சொந்த அச்சகம் தொடங்கியதும், உறுப்பினர் ஜோசப் பிரெயின்ட்னல் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் வரலாற்று நூலின் நாற்பது தாள்களை அச்சிடும் வேலையைப் பிடித்துக் கொடுத்தார். பின்னர் கடன் நெருக்கியபோது வில்லியம் கோல்மன், ராபர்ட் கிரேஸ் இருவரும் தனித்தனியே வந்து, அவர் கேட்காமலே பணம் தர முன்வந்தார்கள். எத்தனை விசிட்டிங் கார்டு கொடுத்தாலும் இந்த நம்பிக்கை கிடைக்காது. வாரக்கணக்கில் எதிரெதிரே உட்கார்ந்து பேசியவர்களுக்கே அது வாய்க்கும்.

ஆனால் ஒரே முகங்கள் ஒரே செய்தியைத்தான் கொண்டுவரும். நெருங்கிய நண்பர்களைவிட எப்போதாவது சந்திப்பவர்கள் வழியாகவே வேலைத் தகவல் அதிகம் வருகிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதினார். திறந்த கூட்டத்தின் பலம் அதுவே. 1975 மார்ச்சில் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கார்டன் பிரெஞ்சின் வீட்டுக் கார் கொட்டகையில் கணினி ஆர்வலர்களின் 'ஹோம்பிரூ கம்ப்யூட்டர் கிளப்' கூடியது. முதல் கூட்டத்துக்கே வந்த, ஆப்பிள் நிறுவனத்தைப் பின்னர் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், தன் ஆப்பிள் கணினியின் மின்சுற்று வரைபடங்களை அங்கே இலவசமாகவே கொடுத்தார். கூட்டத்தை நடத்திய லீ ஃபெல்சன்ஸ்டைன் நல்ல ஒழுங்கு வைத்திருந்தார். தன்னிடம் என்ன இருக்கிறது, என்ன வேண்டும் என்று முதலில் அவரவர் எல்லோர் முன்னும் சொல்வார்கள். பிறகு வேண்டியவரைத் தேடிப் போய்ப் பேசுவார்கள். இந்த ஒழுங்கு இல்லாத திறந்த கூட்டத்தில், தெரிந்தவர்கள் தெரிந்தவர்களோடு நின்றுவிட, புதியவர் ஓரமாக நின்றுவிட்டுத் திரும்புவார். அது கூட்டியவரின் தவறு.

கட்டணம் கட்டிச் சேரும் பிஎன்ஐ (பிசினஸ் நெட்வொர்க் இன்டர்நேஷனல்) போன்ற வாராந்திர அமைப்புகளும் உண்டு. ஒரு கிளையில் ஒரு தொழிலுக்கு ஒருவர்தான். வாடிக்கையாளர் பரிந்துரை உடனே வேண்டும் என்பவருக்கு அது பொருந்தும். கூட்டுபவராக நீங்கள் பெறும் மதிப்பு அங்கே கிடைக்காது.

என் தேர்வு சிறிய வட்டமே. கணக்காளர், வழக்கறிஞர், கட்டடப் பொறியாளர் போல நம்பிக்கையை வைத்தே வேலை கிடைப்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். மென்பொருள், வடிவமைப்புத் துறையினர் திறந்த கூட்டத்தைத் தொடங்கலாம். அங்கே புதுச் செய்திக்கு மதிப்பு அதிகம். சிறிய வட்டம் நடத்துபவர் ஒவ்வொரு முறையும் இரண்டு இடங்களைப் புதியவர்களுக்கு ஒதுக்க வேண்டும். அவர்களை அழைத்து வரும் பொறுப்பு, முறைவைத்து ஒவ்வோர் உறுப்பினருக்கும் போகட்டும்.