ஜிஇபி வகுப்பில் மூன்று வருடம்: மீன் பெயர்களும் மதிப்பெண்களும்

சிங்கப்பூரில் மீத்திறன் பிள்ளைகளுக்கென்று இருந்த ஜிஇபி வகுப்பில் மகள் படித்தது 2020 முதல் 2022 வரை, தொடக்கநிலை 4, 5, 6. முடித்த கையோடு எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அப்போது பிஎஸ்எல்இ என்கிற தொடக்கநிலை 6 இறுதித் தேர்வின் சூடு ஆறவில்லை. இப்போது எழுத வைத்தது சின்னவன். அவன் தொடக்கநிலை 1 சேர்ந்தது 2024ல். பழைய ஜிஇபி இல்லாத முதல் மாணவர் தொகுதி அவனுடையதுதான். வீட்டுக்குக் கீழே உள்ள காப்பிக் கடையில் பார்க்கிற தமிழ்ப் பெற்றோர் "அக்கா, அந்தக் கிளாஸ் உண்மையிலேயே நல்லா இருந்துச்சா?" என்று கேட்கிறார்கள். நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது.

சிங்கப்பூருக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சுருக்கமாக: ஜிஇபி, மீத்திறன் பிள்ளைகளுக்காகக் கல்வி அமைச்சு 1984ல் தொடங்கிய திட்டம். பழைய முறையில் தொடக்கநிலை 3ல் ஆகஸ்ட் மாதம் ஆங்கிலம், கணிதத்தில் முதல் சுற்றுத் தேர்வு. அதில் தேறினால் அக்டோபரில் பொதுத்திறன் தாளும் சேர்ந்த இரண்டாம் சுற்று. கடைசியில் தொகுதியில் ஏறக்குறைய 1 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கு இடம், அதுவும் 9 பள்ளிகளில் மட்டும்.

அந்த ஒன்பதில் இருக்கும் சிக்கலை யாரும் எனக்கு முன்னாலேயே சொல்லவில்லை. கத்தோலிக் ஹை, நான் ஹுவா, நன்யாங், தாவ் நான் ஆகிய நான்கும் சீனத்தை மட்டும் தாய்மொழியாகக் கற்பிக்கும் சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள். ஆங்கிலோ சைனீஸ் ஆண்பிள்ளைகளுக்கான பள்ளி. தமிழ் படிக்கிற பெண்பிள்ளைக்கு மிஞ்சுவது ராஃபிள்ஸ் பெண்கள் பள்ளி, ரோசைத், ஹென்றி பார்க், செயின்ட் ஹில்டாஸ். எங்கள் வீட்டுக்கு இவற்றில் எதுவுமே பக்கம் இல்லை. மூன்று வருடமும் காலை 5.15க்கு எழுந்தோம். எழுப்புகிற வேலை என் கணவருடையது, திட்டு வாங்குகிற வேலையும்.

தஞ்சாவூரிலிருந்து மாமியார் போனில் கேட்ட முதல் கேள்வி, "ரெண்டு கிளாஸ் தாண்டிப் போட்டுருவாங்களா?" இல்லை. வகுப்பு தாண்டி ஏற்றுவது இங்கே மிகச் சிலருக்குத் தனியாக நடக்கிற ஏற்பாடு. ஜிஇபியில் அதே வயசு, அதே பாடங்கள், கடைசியில் அதே பிஎஸ்எல்இ. ஆனால் ஒரே இடத்தில் நின்று இன்னும் கீழே தோண்டச் சொல்வார்கள். சதுரங்கப் பலகையில் எத்தனை சதுரம் என்று ஒரு நாள் கேட்டிருக்கிறார்கள். 64 என்று சொன்னவர்கள் 204க்கு வந்து சேர ஒரு பீரியட் ஆகியிருக்கிறது. வீட்டுக்கு வந்தவள் செவ்வகங்களை எண்ண ஆரம்பித்தாள். 1296. அது 36இன் வர்க்கம் என்பதையும், 1 முதல் 8 வரை கனங்களைக் கூட்டினாலும் அதே எண் வருவதையும் இரவு பத்து மணிக்கு எங்களை எழுப்பிச் சொன்னாள். ஏன் அப்படி வருகிறது என்று அவள் கேட்டபோது எனக்கும் தெரியவில்லை, அவள் அப்பாவுக்கும் தெரியவில்லை. "சாருக்கும் உடனே சொல்லத் தெரியல, யோசிச்சிட்டு வர்றேன்னாரு" என்று மறுநாள் பெருமையாக வந்து சொன்னாள்.

முதல் வருடம் ஏப்ரலில் கோவிட் முடக்கம் வந்து வகுப்பு மடிக்கணினிக்குள் போய்விட்டது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பழைய பள்ளியில் கேட்காமலேயே முதலிடத்தில் இருந்தவள் இங்கே பதினெட்டாவதோ என்னவோ. இரண்டு மாதம் அழுதாள். ஆசிரியர் அழவிட்டார், அதற்கு அப்போது கோபம் வந்தது, இப்போது இல்லை.

இந்தத் திட்டம் எதற்காக என்று எனக்குப் புரிந்தது தொடக்கநிலை 5இல். ஒவ்வொரு பிள்ளையும் சொந்தமாக ஒரு கேள்வி எடுத்து ஆய்வு செய்ய வேண்டும். மற்றவர்கள் சோலார், பாக்டீரியா என்று எடுக்க, இவள் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தையில் மீன் பெயர்களை எடுத்தாள். நான் வஞ்சிரம் என்கிறதை என் தோழி, இங்கேயே பிறந்து வளர்ந்தவள், தெங்கிரி என்கிறாள். கொடுவாயை சியாக்காப் என்கிறாள், களவாயை கெராப்பு. மலாய்ச் சொல் எந்தத் தலைமுறையில் வீட்டுத் தமிழுக்குள் நுழைகிறது என்பதுதான் இவள் கேள்வி. முகக்கவசத்தோடு ஆறு சனிக்கிழமை காலை நோட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மீன்காரர் ஒருவர், புதுக்கோட்டைக்காரர், "பாப்பா, நான் ஆளைப் பார்த்துத்தான் பேரு சொல்வேன். நீ வந்தா தெங்கிரி, உங்கம்மா வந்தா வஞ்சிரம்" என்றார். அதோடு இவள் அட்டவணை முழுக்கக் குழம்பியது. விற்பவர் சொல்கிற பெயர் வாங்குபவரைப் பொறுத்தது என்றால் சேகரித்த தகவலுக்கு என்ன மதிப்பு? ஆசிரியர் அதைப் பிழை என்று சொல்லவில்லை. அதையே தனி அத்தியாயமாக எழுதச் சொன்னார். பத்து வயசில் அப்படி ஒரு சறுக்கலும் அதிலிருந்து எழுந்துகொள்ள நேரமும் கிடைப்பது பெரிய விஷயம். சுமார் 25 பேர் உள்ள வகுப்பில்தான் ஆசிரியருக்கு அதற்குப் பொழுது இருக்கிறது.

தொடக்கநிலை 6 வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. நோட்டுப் புத்தகம் அலமாரிக்குள் போனது, பயிற்சித் தாள்கள் மேசைக்கு வந்தன. பிஎஸ்எல்இயில் 2021 முதல் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை அடைவுநிலை. நாலு பாடம் சேர்த்து 4 என்பதுதான் உச்சம். இரண்டு வருடம் "ஏன்" என்று கேட்கப் பழக்கிவிட்டுக் கடைசி வருடம் "எத்தனை நிமிடத்தில்" என்று கேட்டால் பிள்ளை என்ன செய்யும்? பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பாதிப்பேர் ஜிஇபி பிள்ளைகளுக்கென்றே நடக்கும் துணைப்பாட வகுப்பில் சேர்த்திருந்தார்கள். பயந்துபோய் நானும் ஒன்றில் சேர்த்தேன். ஆறு வாரம். "முந்தின வருஷக் கேள்வியையே பேர் மாத்திக் கொடுக்கிறாங்கம்மா" என்றாள். நிறுத்திவிட்டேன். கட்டிய காசு திரும்பவில்லை.

இன்னொரு இழப்பு, எங்கள் அடுக்குமாடி புளோக்கில் கூட விளையாடிய பிள்ளைகள். பள்ளி மாறியதும் அந்த நட்பு ஒரே வருடத்தில் மின்தூக்கியில் தலையாட்டுகிற பழக்கமாகச் சுருங்கியது. புதிய பள்ளியில் ஜிஇபி வகுப்புக்கும் மற்ற வகுப்புகளுக்கும் நடுவே இருந்த சுவரை உடைத்தது உயர்தமிழ் வகுப்புதான். ஜிஇபியில் தமிழ்ப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்ததால் மற்ற வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்தே உட்கார்ந்தாள். இன்றும் வீட்டுக்கு வருகிற இரண்டு தோழிகளும் அந்தத் தமிழ் வகுப்பில் கிடைத்தவர்கள்.

2024 ஆகஸ்ட் தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங் பழைய வடிவத்தை நிறுத்துவதாக அறிவித்தபோது மகள்தான் முதலில் "நல்லதுதான்" என்றாள். இனி எல்லாப் பள்ளியிலும் திறன்மிக்க பிள்ளைகளுக்கான ஏற்பாடு. பிள்ளை தன் பள்ளியிலேயே இருக்கலாம். கூடுதலாகத் தேவைப்படுகிறவர்களுக்குக் குறிப்பிட்ட பள்ளிகளில் வகுப்பு முடிந்த பிறகு தனிப் பாடத்தொகுதிகள். தேர்வு ஒரே சுற்று, ஆசிரியரின் கவனிப்பும் கணக்கில் சேரும். தொகுதியில் சுமார் 10 விழுக்காட்டினருக்கு வாய்ப்பு. புளோக் சிநேகிதர்கள் பிழைப்பார்கள். ஆனால் பள்ளி முடிந்து களைத்து வருகிற பிள்ளைக்கு, சனிக்கிழமைச் சந்தை மாதிரி ஒரு கேள்வியை மாதக்கணக்கில் சுமக்கிற பொழுது எங்கிருந்து வரும்? அன்றாடம் பக்கத்தில் உட்கார்ந்து "ஏன் 36?" என்று கேட்கிற இன்னொரு கிறுக்கும் வேண்டுமே.

மகளுக்குத் திரும்பவும் சேர்ப்பேனா என்றால், சேர்ப்பேன். சின்னவனைத் தேர்வுக்கென்று தனியாகத் தயார் செய்யப் போவதில்லை. தேறினால் நான் பார்க்கப்போவது இரண்டு: அங்கே ஆய்வு செய்ய விடுகிறார்களா, பஸ்ஸில் எவ்வளவு நேரம். அரை மணிக்கு மேல் என்றால் அனுப்ப மாட்டேன். இன்னொரு முறை 5.15க்கு எழுப்ப அவன் அப்பா தயாராக இல்லை.