போஸ்ட்கிரெஸ் தேடலும் இரண்டு ஸ்ரீயும்

தமிழ்த் தளத்தின் தேடலுக்குத் தனி எஞ்சின் வேண்டுமா, இருக்கிற போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமே (PostgreSQL) போதுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். போதும். எந்தச் சொல் எந்தக் கட்டுரையில் என்று குறித்துவைக்கும் ஜின் (GIN) இண்டெக்ஸ் போட்டுவிட்டால் சில ஆயிரம் கட்டுரைகளெல்லாம் அதற்கு ஒரு சுமையே இல்லை. 12-ஆம் பதிப்பிலிருந்து சொல்லின் உருபை வெட்டி வேரைத் தரும் தமிழ் ஸ்டெம்மரும் கூடவே வருகிறது. தலைவலி எல்லாம் எழுத்தில்தான்.

'ஸ்ரீ' என்பதை ஸகரம் வைத்தும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரம் வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், இண்டெக்ஸுக்கோ வேறு வேறு சொல். 'கௌரி' இன்னும் மோசம்: பாதிப் பேர் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் தட்டுகிறார்கள். 13-ஆம் பதிப்பில் வந்த, யூனிகோடு எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் நார்மலைஸ் (normalize) ஃபங்ஷன் இதைச் சரிசெய்யும் என்று நம்ப வேண்டாம். ஒகர, ஓகாரக் குறிகள் உடைந்து வந்தால் ஒட்டவைக்கும். ளகரத்தையும் ஶகரத்தையும் தொடாது. சில கீபோர்டுகள் நுழைக்கும் கண்ணுக்குத் தெரியாத இணைப்புத்தடைக் குறியையும் (ZWNJ) அப்படியே விட்டுவிடும்.

ஆகவே முதலில் நார்மலைஸ், பிறகு அந்தக் குறியை நீக்குவது, பிறகு ஶ்ரீயை ஸ்ரீ ஆக்குவது, கடைசியாக ஔகாரம். இங்கே பிழையைத் திருத்தப் போகாதீர்கள். 'ஒள'வை 'ஔ' ஆக்கினால் 'ஒளி' நாசம். சரியான 'ஔ'வைப் பிழையான 'ஒள' ஆக்குங்கள், குறிக்கும் அதே போல. கட்டுரை, தேடல் சொல் இரண்டையும் ஒரே ஃபங்ஷன் வழியாக அனுப்பினால் 'கௌரி' கிடைத்துவிடுவாள்.

ஃபங்ஷனின் விளைவைத் தானே கணக்கிட்டுச் சேமிக்கும் ஜெனரேட்டட் காலம் (generated column) வைத்திருந்தால் ஒரு பொறி உண்டு. ஃபங்ஷனை மாற்றினாலும் பழைய வரிசைகள் தானாக மாறாது. எல்லாவற்றையும் ஒருமுறை அப்டேட் செய்தாக வேண்டும். தேடிய சொல்லைத் தடித்துக் காட்டும் துணுக்கைத் தரும் டிஎஸ்_ஹெட்லைனுக்கும் (ts_headline) மாற்றிய உரையையே கொடுங்கள், இல்லாவிட்டால் சொல் தடித்துக் காட்டாது. பிழையான வடிவம்தான் வாசகருக்குப் போகிறது, ஆனால் பெரும்பாலான எழுத்துருக்களில் யாருக்கும் தெரியாது!

விடைகளை வரிசைப்படுத்தல் பரவாயில்லை. தலைப்புக்கு ஏ, உடலுக்கு டி என எடை கொடுங்கள் (இயல்பில் 1.0, 0.1). நீளக் கட்டுரைகள் மேலே ஏறாமலிருக்க ரேங்க் ஃபங்ஷனில் நார்மலைசேஷன் எண் 1. இயல்பான 0 நீளத்தைக் கண்டுகொள்ளாது. ஊர்ப்பெயரின் கடைசி எழுத்தை ஸ்டெம்மர் உருபென்று வெட்டிவிடக்கூடும் என்பதால் தலைப்பை, சொல்லை வெட்டாத 'சிம்பிள்' அமைப்பிலும் சேர்த்து வையுங்கள்.

'போன்', 'ஃபோன்' போன்றவற்றை ஒரே சொல்லாகக் கொள்ள சினானிம் கோப்பு உண்டு. ஆனால் அதை சர்வரின் டிஸ்க்கில் வைக்க வேண்டும், மேகச் சேவைகளில் பெரும்பாலும் விடமாட்டார்கள். ஓர் அட்டவணையும், அதைப் பார்த்துத் தேடல் சொல்லை மாற்றி எழுதும் டிஎஸ்_ரீரைட்டும் (ts_rewrite) போதும். அதில் எதைச் சேர்ப்பது என்பதை, விடையே வராத தேடல்களின் பதிவை வாரம் ஒருமுறை பார்த்தால் தெரியும்.

செலவில்லை, வேகம் உண்டு, தனி சர்வர் வேண்டாம். இவ்வளவு சொல்லியும், 2005-இலிருந்து கிடக்கும் ஒரு ஶகரத்துக்கு நாமே நிரல் எழுத வேண்டியிருப்பதை நினைத்தால் ஐந்துக்கு இரண்டரைக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.