டீசல் முள் ஆடினால்: ஃப்ளோட் யூனிட்டை மாற்றுவதா, எர்த்தைச் சோதிப்பதா?

பழைய லாரியில் டீசல் முள் நிலையில்லாமல் ஆடும்போது, சென்னை புதுப்பேட்டை உதிரிபாகச் சந்தையில் ஒரு ஃப்ளோட் யூனிட் (டேங்க்குக்குள் மிதவையால் டீசல் மட்டத்தை அளக்கும் கருவி) வாங்கி மாற்றிவிடலாம். அல்லது எர்த்தையும் (மின்சாரம் வண்டியின் உலோகச் சட்டமான சேசிஸ் வழியே திரும்பும் இணைப்பு) வயரிங்கையும் முதலில் சோதிக்கலாம்.

முதல் வழி வேகமானது. மிதவையோடு நகரும் தொடுமுனை மின்தடைக் கம்பியின் மீது ஆண்டுக்கணக்கில் உரசித் தேய்வதால், டீசல் குறிப்பிட்ட ஒரு மட்டத்துக்கு வரும்போதெல்லாம் முள் சட்டென விழுந்து எழும். இந்த அறிகுறி தெளிவாக இருந்தால் யூனிட்டையே சந்தேகிக்கலாம்.

ஆனால் எண்ணூர், மணலி பக்கம் உப்புக் காற்றில் நிற்கும் வண்டிகளுக்கு இரண்டாவது வழியையே நான் வலியுறுத்துவேன். டேங்க்கிலிருந்து சேசிஸுக்குச் செல்லும் எர்த் வயரின் முனையில் களிம்பு ஏறி, போல்ட்டைச் சுற்றித் துரு படிந்திருந்தால், அந்தக் கூடுதல் தடையே முள்ளை ஆட்டப் போதுமானது. புதிய யூனிட் அதைத் தீர்க்காது. தனி வயர் ஒன்றை யூனிட்டின் எர்த் முனையிலும், தீப்பொறி டேங்க்கருகே எழாதிருக்க மறுமுனையைக் கடைசியாகத் தொலைவிலுள்ள சுத்தமான சேசிஸ் உலோகத்திலும் இணைத்துப் பார்க்க வேண்டும். முள் நிலைத்தால் கோளாறு எர்த்தில்தான். வெப்பநிலை முள்ளும் கூடவே ஆடினால் டேங்க்கைத் திறக்கும் முன் மீட்டர் பலகையின் எர்த்தையும் மின்னழுத்த சீராக்கியையும் பார்ப்பது நல்லது.

இவை சரியாக இருந்தால் மட்டும் யூனிட்டைக் கழற்றி, மல்டிமீட்டரை இணைத்து மிதவையை மெல்ல உயர்த்துங்கள். மின்தடை அளவு சீராக மாறாமல் இடையில் தாவினால், அப்போது புதியது வாங்கலாம்.