மலையக ரோட்டுக்கு எது சரி: போன் மேப்பா, வண்டிக்கு வண்டி சிக்னலா?

வண்டிங்க டேட்டா பகிர்ந்துக்க இப்ப ரெண்டு வழி இருக்கு. ஒன்னு கூகுள் மேப், வேஸ் மாதிரி, நம்ம போன் நகர்ற வேகத்த சர்வர் சேர்த்துப் பார்த்து எங்க ட்ராபிக்னு சொல்றது. தனியா மெஷின் வாங்கத் தேவையில்ல. ஏப்ரல் சீசன்ல நுவரெலியா டவுன் இறுகிப் போய் நிக்கிறப்ப இது நல்லாவே உதவும்.

மத்தது வண்டியும் வண்டியும் நேரா பேசுறது. 5.9 கிகாஹேர்ட்ஸ் ரேடியோல, செக்கனுக்கு 10 தடவ வரைக்கும், இங்க இருக்கேன், இந்த வேகத்துல வாறேன், இப்ப பிரேக் போட்டேன்னு அனுப்பிக்கிட்டே இருக்கும், டவரே வேணாம். ரம்பொட பக்கம் பனி இறங்கி முன்னால போற கொழுந்து லொறியோட பின்லைட் கூட தெரியாத நேரத்துல, போன்ல கவரேஜும் இல்லன்னா, மேப் என்னத்தங்க சொல்லும், அந்த இடத்துல உயிரக் காப்பாத்தக்கூடியது இதுதான்.

ஆனா மலை குறுக்க நின்னா இந்த சிக்னல் அடிபடும், மோசமான வளைவுகள்ல ரோட்டோரமா ஒரு ரேடியோ பெட்டி வச்சே ஆகணும். ஐரோப்பாவுல 2019ல வந்த வோக்ஸ்வேகன் கம்பெனியோட கோல்ஃப் கார்லயே இது இருக்கு, நம்ம பழைய லேலண்ட் பஸ்ல இல்ல.

மண்சரிவுல ரோடு மூடினா மட்டும் மேப்தான் மேல, ஹட்டன்ல கிளம்புறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்ல. ரெண்டுல ஒன்னுக்குத்தான் காசுன்னா நான் ரேடியோவத்தான் கேப்பேன், அதுவும் மொதல்ல ஸ்கூல் புள்ளைங்க ஏறுற பஸ்ஸுக்கு.