லூர் காய வைக்கும் சுழலி: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

மரத்தில் செதுக்கிய லூரை, அதாவது மீன் பிடிக்கும் செயற்கை இரையை, கையில் வாங்குபவர்கள் முதலில் அதன் வண்ணத்தைப் பார்ப்பார்கள்; நான் வாலைப் பார்ப்பேன். வால் முனையில் ஒரு துளி உறைந்து நின்றால், மேற்பூச்சு பூசிய பிறகு அந்த லூரைத் தலைமேலாகத் தொங்கவிட்டுக் காய வைத்திருக்கிறார்கள் என்று பொருள். முதல் ஓராண்டில் நான் செய்த லூர் ஒவ்வொன்றிலும் அந்தத் துளி இருந்தது. பன்னிரண்டு கிராம் லூரின் வாலில் அரை கிராம் பிசின் கூடுதலாகச் சேர்ந்தாலே தண்ணீரில் அதன் ஆட்டம் மந்தமாகிவிடும் என்பதால், இதை அழகுக் குறை என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிட முடியாது.

சென்னையின் தெற்குப் புறத்தில், மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டின் கீழே உள்ள சிறிய அறைதான் என் பட்டறை. முட்டுக்காடு, கோவளம் பக்கம் கொடுவாவுக்கும் பாரைக்கும் வீசுவதற்காக மலைவேம்பிலும், கனம் வேண்டும்போது தேக்கிலும் செதுக்குகிறேன். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால், பிரைமருக்கு முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைக்காவிட்டால் பூச்சு ஓடு ஓடாகப் பெயர்ந்துவிடும். இதைத் தவிர மரத்தைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப் போவதில்லை. பூசிய லூரைப் பிடித்து நிறுத்துவதும் காய வைப்பதும்தான் பேச்சு.

வண்ணம் அடிக்கும் கட்டத்தில் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. மூங்கில் குச்சியின் நுனியில் ஒரு குரோக்கடைல் கிளிப்பைக் கட்டி, அதனால் லூரின் வயிற்றுக் கம்பி வளையத்தைக் கவ்வி, குச்சியை நட்டு வைத்தால் போதும். ஆனால் எதில் நடுகிறோம் என்பது முக்கியம். தொடக்கத்தில் தெர்மாகோல் பலகையில் நட்டு வைத்தேன். தின்னர் சொட்டிய இடமெல்லாம் தெர்மாகோல் கரைந்து குழியாகி, ஒரு நாள் மூன்று லூர்கள் ஈர வண்ணத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. அன்று முதல் மணல் நிரப்பிய பழைய பால்பவுடர் டின்தான். அதற்கு எந்தக் கரைப்பானாலும் ஆபத்தில்லை. பிடிப்பதற்கு வசதியாக இருக்கிறது என்று வளையங்களைக் கடைசியில் திருகுவோரும் உண்டு. மேற்பூச்சைத் துளைத்துத் திருகிய இடத்தில்தான் முதலில் தண்ணீர் இறங்கி மரம் ஊதும் என்பதால், அந்த வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

மெதுவாக இறுகும் எபாக்சியை (இரண்டு பாகங்களைக் கலந்தால் கெட்டியாகும் பிசின்) கடைசிப் பூச்சாகப் பூசும்போதுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. பல மணி நேரம் அது தேன் போலக் கீழ்நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். லூரைப் படுக்க வைத்தால் வயிற்றில் தேங்கும்; நிமிர்த்தினால் வாலில் இறங்கும். பிசின் ஒரு பக்கம் நகரத் தொடங்கும் முன்பே அந்தப் பக்கத்தை மேலே கொண்டுவந்துவிட வேண்டும், அதுவும் பிசின் அசைவதை நிறுத்தும் வரை இடைவிடாமல். இந்த வேலைக்கு நான் தேர்ந்தெடுத்தது மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுழற்றும் சிறிய மோட்டார். 230 வோல்ட்டில் நான்கு வாட் போல மின்சாரம் எடுத்து, நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு ஐந்து சுற்று சுற்றும். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைத்தது. முப்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு பிளைவுட் வட்டுகளை ஒரே அச்சில் பொருத்தி, ஒரு வட்டின் கொக்கியில் லூரின் மூக்கு வளையத்தையும் எதிர் வட்டின் கொக்கியில் வால் வளையத்தையும் மாட்டினேன். ஒரே நேரத்தில் ஆறு லூர்கள் சுழலும்.

முதல் மாதம் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

இரண்டாம் மாதத்தில் அதன் குணம் தெரிந்தது. இந்த வகை மோட்டாருக்குத் திசை என்று ஒன்று கிடையாது. போடும்போது எந்தப் பக்கமும் கிளம்பும், சுமை தடுத்தால் அப்படியே திரும்பி எதிர்ப்பக்கம் ஓடும். அடுப்புத் தட்டுக்கு அது நல்ல குணம். ஆனால் கனமான இரண்டு தேக்கு லூர்களை ஒரே பக்கத்தில் மாட்டிய அன்று, கனப்பக்கம் மேலே ஏற வேண்டிய இடத்துக்கு வந்ததும் வட்டு தயங்கி, திரும்பி, கீழே போய் மறுபக்கம் ஏறப் பார்த்து, மீண்டும் திரும்பியது. இரவு ஒரு மணிக்குப் போய்ப் பார்த்தபோது ஆறு லூர்களும் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு விலாவில் மட்டும் பிசின் திட்டாகச் சேர்ந்து நின்றது. அதன் பிறகு சமையலறைத் தராசில் நிறுத்து, எடை ஒத்த இரண்டை நேர் எதிரெதிராக மாட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். எதிரே மாட்ட லூர் இல்லாவிட்டால் நட்டுகளைக் கோத்துத் தொங்கவிடுகிறேன்.

வால் பக்கக் கொக்கியை இழுத்துப் பிடிக்க முதலில் ரப்பர் பேண்டு போட்டிருந்தேன். நம் ஊர் வெப்பத்தில் அது சில வாரங்களில் வெடித்து அறுந்து, ஒரு லூர் பக்கத்து லூரின்மேல் போய் ஒட்டிக்கொண்டது. இப்போது அங்கே இருப்பது பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங். ஐந்தாண்டுகளாக ஒன்றுகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மின்வெட்டு வேறு வகைத் தொல்லை. பூசிய முதல் இரண்டு மணி நேரத்துக்குள் சுழலி நின்றால் பூச்சு பாழ். கையால் சுற்றிக் காப்பாற்றிய இரவுகளும் உண்டு, தூங்கிப்போன இரவுகளும் உண்டு. மூன்றாம் ஆண்டில் அந்த மோட்டாரைக் கழற்றிவிட்டு, நிமிடத்துக்குப் பத்துச் சுற்றுச் சுற்றும் 12 வோல்ட் கியர் மோட்டாரைப் பொருத்தி, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, சிறிய பேட்டரியோடு இணைத்தேன். இது ஒரே திசையில் ஓடுகிறது, மின்வெட்டிலும் நிற்பதில்லை. திறந்து கிடக்கும் பலகையில் 230 வோல்ட் இணைப்பு இல்லாமல் போனது வீட்டில் உள்ளவர்களுக்குப் பெரிய நிம்மதி. இன்று புதிதாகத் தொடங்குபவர் நேராக இதையே வாங்கலாம்.

சுழற்றுவது எல்லாப் பூச்சுக்கும் பொருந்தும் என்று நினைத்ததுதான் என் அடுத்த தவறு. என்.சி. லேக்கர் (நைட்ரோசெல்லுலோஸைக் கரைப்பானில் கரைத்த பூச்சு) எபாக்சி போல இறுகுவதில்லை, கரைப்பான் ஆவியாகிக் காய்வது மட்டுமே நடக்கிறது. அதைச் சுழலியில் போடுவதால் பயனில்லை, முக்கித் தொங்கவிட்டால் போதும். ஃபின்லாந்தில் 1936இல் தம் முதல் லூரைச் செய்த லௌரி ரபாலா, உருக்கிய புகைப்பட நெகட்டிவ்களைத்தான் மேற்பூச்சாகப் பயன்படுத்தினார் என்பார்கள். அதுவும் செல்லுலோஸ் குடும்பத்துச் சரக்குதான். ஜப்பானில் பால்சா என்ற மிக இலேசான மரத்தில் கையால் லூர் செய்பவர்கள் செல்லுலோஸ் கரைசலில் பல முறை முக்கி, தொங்கவிட்டு, உப்புத்தாள் போட்டு, மீண்டும் முக்குகிறார்கள். இந்த முறையில் கருவியைவிடக் கைதான் முக்கியம். லூரை வெடுக்கென்று வெளியே இழுத்தால் தடித்த படலம் ஒட்டிவந்து கீழே வழியும். மிக மெதுவாகத் தூக்கினால் மிகுதியெல்லாம் டப்பாவிலேயே இறங்கி மெல்லிய படலம் மட்டும் நிற்கும். ஒரு முறை மூக்கைப் பிடித்துத் தொங்கவிட்டால் அடுத்த முறை வாலைப் பிடித்துத் தொங்கவிடுகிறேன், இரு முனைகளின் தடிப்பும் சமமாகிவிடுகிறது. முந்தைய பூச்சு முழுதாகக் காயும் முன் மறுபடி முக்கினால் அது கரைந்து வண்ணமும் கூடவே கலங்கும் என்பதால் நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் லேக்கரைத் தொடுவதே இல்லை. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிவதால், கண்ணாடி போல இருக்க வேண்டிய பூச்சு மோர் தெளித்தது போல வெளுத்துவிடும். ரிடார்டர் எனப்படும் மெதுவாக ஆவியாகும் தின்னரைச் சேர்த்தால் ஓரளவு தப்பலாம், ஆனால் காயும் நேரம் கூடும். எபாக்சிக்கும் மழைக்காலம் ஆகாது. காலையில் தொட்டால் மெழுகு தடவியது போன்ற பிசுபிசுப்பு இருக்கும். அது தண்ணீரில் கழுவினால் போய்விடும், ஆனால் கழுவாமல் அடுத்த பூச்சைப் பூசினால் ஒட்டாது. இதற்காகச் சுழலியை ஒரு பழைய அலமாரிக்குள் வைத்து, அடியில் 40 வாட் குண்டு பல்பு ஒன்றை எரிய விடுகிறேன். லேக்கர் பூசிய எதையும் அந்த அலமாரிக்குள் வைக்கவே கூடாது. தின்னர் ஆவிக்கு மோட்டாரின் ஒரு பொறி போதும்.

கத்திரி வெயிலில் நிலைமை தலைகீழ். கலக்கிய எபாக்சி பூசி முடிப்பதற்குள் கிண்ணத்திலேயே கெட்டியாகிறது. அதைவிட நுட்பமான ஒன்றைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு கோடைகள் ஆயின. காலையில் பூசினால், வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, ஊசிமுனைக் குமிழ்களாகப் பூச்சைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. மாலையில், சூடு இறங்கும் நேரத்தில் பூசினால் அந்தக் குமிழ்கள் வருவதில்லை.

பூச்சில் சில இடங்களில் பிசின் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகி நின்றதற்குக் காரணம் கிடைத்தது இன்னும் தாமதமாக. அலமாரியை முதலில் சமையலறையை ஒட்டிய நடையில் வைத்திருந்தேன். அப்பளம் பொரித்த நாட்களில்தான் அந்தக் குறை வந்தது என்பதை என் மனைவிதான் கவனித்துச் சொன்னாள். எண்ணெய்ப் புகை படிந்த பரப்பில் எபாக்சி நிற்காது. அலமாரியைப் படிக்கட்டின் கீழே மாற்றியதும், கையுறை போட்டதும் போதுமாக இருந்தது. கொசு மட்டும் இன்னும் அவ்வப்போது விழுகிறது. கதவிடுக்கில் வலைத்துணி ஒட்டியும் சென்ற மாதம் ஒரு கொசு, ஒரு பாரை லூரின் கண்ணுக்குக் கீழே, ஆறு கால்களும் விரிந்தபடி நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

சுழலியின் பராமரிப்பு என்று பார்த்தால் கொக்கிகள்தாம். சொட்டும் பிசின் அவற்றிலும் லூரின் வளையங்களிலும் ஒன்றாக இறுகி, கழற்றும்போது வளையத்தைச் சுற்றி ஓரம் உடையும். மாட்டும் முன் கொக்கிக்கு மட்டும், மரத்தில் படாமல், துளி வாசலின் தடவுகிறேன். பூசி ஆறு மணி நேரம் கழித்து, பிசின் நகம் பதியும் பதத்தில் இருக்கும்போது, பிளேடு முனையால் வளையத்தைச் சுற்றிக் கீறி, உள்ளே அடைத்ததை ஒன்றரை மில்லிமீட்டர் துரப்பண ஊசியைக் கையால் திருகி எடுத்துவிடுகிறேன். காலை வரை விட்டுவிட்டால் அதே வேலைக்குக் குறடு தேவைப்படுகிறது.