எம்சார் சந்தா: 30 டாலருக்கு எது தெரியும், எது தெரியாது

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்து நீட் எழுதினால் நேரே எம்பிபிஎஸ். அமெரிக்காவில் நடுவே நான்கு வருடப் பட்டப்படிப்பு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதனால் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்ததும் அங்குள்ள நம் வீடுகளில் ஒரே விவாதம்: பெயர் பெற்ற தனியார் கல்லூரியா, மாநிலப் பல்கலைக்கழகமா, எதில் படித்தால் மெடிக்கல் ஸ்கூல் கதவு திறக்கும்? இதற்குப் பதில் தேடுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் எம்சார். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கமான ஏஏஎம்சி நடத்தும் தகவல் தளம் இது. அமெரிக்கா, கனடா இரண்டிலும் உள்ள எம்டி (அங்கே அதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம்) கல்லூரிகளைப் பற்றிய விவரம் ஒரே இடத்தில் கிடைக்கும். ஓராண்டுச் சந்தா 30 டாலர் அளவில். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிப்பவருக்கு இது கட்டாயம் வேண்டும், பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோருக்கு வேண்டாம்.

ஏன் வேண்டாம்? "எந்தக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர்கள் இங்கே சேர்ந்தார்கள்" என்ற பட்டியல் எம்சாரில் இல்லை. பெற்றோர் தேடுவது அதைத்தான். ஏஏஎம்சி இலவசமாக வெளியிடும் ஏ-2 அட்டவணையில் கல்லூரிப் பெயர்கள் இருக்கும். அதில் யூசிஎல்ஏ ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களோடு முன்னணியில் நிற்கும். யூடி ஆஸ்டின், ஃப்ளோரிடா, மிச்சிகன் எல்லாம் பின்னாலேயே வரும். ஆனால் அது விண்ணப்பித்தவர்களின் எண்ணிக்கைதான். எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்று அந்த அட்டவணை பேசுவதில்லை. பெரிய கல்லூரியில் ஆள் அதிகம், விண்ணப்பமும் அதிகம், அவ்வளவே. இந்தப் பட்டியலை "டாக்டர்களை உருவாக்கும் டாப் கல்லூரிகள்" என்று யாராவது அனுப்பினால் நம்ப வேண்டாம்.

உருப்படியான இலவச அட்டவணை இன்னொன்று, ஏ-23. ஒரு பக்கம் ஜிபிஏ (4க்குக் கணக்கிடும் பட்டப்படிப்பு மதிப்பெண் சராசரி), மறுபக்கம் மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட் மதிப்பெண். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு ஒரு கல்லூரியிலாவது இடம் கிடைத்தது என்று இருக்கும். மொத்தத்தில் நூற்றுக்கு நாற்பது சொச்சம் பேருக்குக் கிடைக்கிறது. ஜிபிஏ 3.79க்கு மேல், எம்கேட் 517க்கு மேல் என்ற மூலைக் கட்டத்தில் ஐந்தில் நான்கு பேர் அளவுக்கு ஏறிவிடுகிறது. அந்த அட்டவணையில் கல்லூரிக்கு என்று ஒரு கட்டமே கிடையாது. கல்லூரிப் பெயருக்கு எடையே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஆராய்ச்சியை முன்னிறுத்தும் சில தனியார் மருத்துவக் கல்லூரிகளில் ஓரளவு எடை உண்டு. ஆனால் மதிப்பெண் சரிந்தால் அந்தப் பெயர் தூக்கி நிறுத்தாது.

எவ்வளவு சரியும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கையும் சேர்த்து, எம்டி கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸ் தனி ஜிபிஏ ஒன்று போடும். ஏ என்றால் 4, பி 3, சி 2. அதில் 60 கிரெடிட் (பாடத்தின் அளவைச் சொல்லும் அலகு) என்று வைத்துக்கொள்வோம். 44 கிரெடிட்டில் ஏ, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ் வகையறா 16 கிரெடிட்டில் பி: 3.73. அந்த 16 கிரெடிட்டும் சி ஆனால் 3.47. அண்மை ஆண்டுகளில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களின் இந்த அறிவியல் ஜிபிஏ சராசரி 3.7 அளவில், எம்கேட் சராசரி 511க்கு மேல். அதாவது நான்கே நான்கு பாடங்கள் ஆளைத் தள்ளிவிடும். சி வாங்கிய பாடத்தைத் திரும்ப எழுதி ஏ வாங்கினாலும் ஆம்காஸ் இரண்டையுமே கணக்கில் எடுக்கும். கல்லூரியின் மார்க்‌ஷீட்டில் பழையது மறைந்திருக்கலாம், இங்கே மறையாது. ஆகவே கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்ப்பதைவிட முதலாண்டு கெமிஸ்ட்ரி வகுப்பில் எத்தனை பேர், கிரேடு எப்படிப் பிரிக்கிறார்கள் என்று கேட்பது மேல்.

இனி 30 டாலர் எங்கே வேலை செய்கிறது என்று பார்க்கலாம். ஒவ்வொரு மருத்துவக் கல்லூரிப் பக்கத்திலும் இடம் கிடைத்தவர்களின் ஜிபிஏ, எம்கேட் நடுமதிப்பு மட்டுமல்ல, 10ஆம் சதமானம் (நூற்றில் பத்துப் பேர் அதற்குக் கீழே) முதல் 90ஆம் சதமானம் வரை இருக்கும். நடுமதிப்பைப் பார்த்து மிரளுகிறவர்கள் அதிகம். 10ஆம் சதமானத்துக்குக் கீழே நீங்கள் நின்றால் அந்தக் கல்லூரிக்குப் பணம் கட்டுவது வீண். 25க்கும் 75க்கும் நடுவே நின்றால் தாராளமாகப் போடலாம். ஆராய்ச்சி, மருத்துவமனைத் தொண்டு, டாக்டர் கூடவே நின்று பார்க்கும் ஷேடோயிங் ஆகியவை எத்தனை சதவீதம் பேரிடம் இருந்தன என்றும் காட்டும்.

ஆனால் தளத்தின் தங்கச் சுரங்கம் வேறு: உள்மாநிலம், வெளிமாநிலம், வெளிநாடு என்று மூன்றாகப் பிரித்து, எத்தனை விண்ணப்பம், எத்தனை பேருக்கு நேர்காணல், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று தரும் பகுதி. நேர்காணல் எண்ணிக்கையை விண்ணப்ப எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, உள்மாநிலத்தில் 900 பேரில் 300 பேருக்கு அழைப்பு, வெளிமாநிலத்தில் 6,000 பேரில் 150 பேருக்கு என்றால், ஒன்று 33 சதவீதம், மற்றது இரண்டரை. மாநில அரசுக் கல்லூரிகள் பலவற்றில் இந்த மாதிரிப் பள்ளம்தான். டெக்சஸின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் வெளிமாநிலத்தாருக்குப் பொதுவாகப் பத்து சதவீதத்துக்கு மேல் கிடையாது, சட்டமே அப்படி. மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி கிட்டத்தட்ட உள்மாநிலத்தாரை மட்டுமே எடுக்கிறது. பட்டம் வாங்கிய கல்லூரியின் பெயரைவிட வீட்டு முகவரி கனமானது என்பது இந்த ஒரு பகுதியைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

வெளிநாடு என்ற மூன்றாவது பிரிவை பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வளரும் பிள்ளைகளின் வீட்டில் உற்றுப் பார்க்க வேண்டும். கிரீன் கார்டு வரிசையில் நிற்கும்போதே 21 வயது தாண்டினால் பிள்ளை பெரும்பாலும் மாணவர் விசாவான எஃப்-1க்கு மாற வேண்டிவரும். ஐந்து வயதிலிருந்து நியூஜெர்சியில் வளர்ந்தவள் என்றாலும் பல கல்லூரிகளின் பார்வையில் அவள் வெளிநாட்டு மாணவி. வெளிநாட்டாரை எடுக்காத கல்லூரிகள் நிறைய. எடுக்கும் சில இடங்களில் நான்கு வருடக் கட்டணத்தையும் முன்கூட்டியே வைப்பாகக் காட்டச் சொல்வார்கள். மத்திய அரசின் மாணவர் கடனும் கிடைக்காது. "வெளிநாட்டு விண்ணப்பம் ஏற்பு" என்ற வடிகட்டியை எம்சாரில் முதலில் தட்டுங்கள், பட்டியல் எவ்வளவு சுருங்குகிறது என்று தெரியும். இந்தியாவில் பிஎஸ்சி, பிடெக் முடித்துவிட்டு வருகிறவர்களுக்கும் இதே பாடம். பல கல்லூரிகள் அமெரிக்க அல்லது கனடா கல்லூரியில் குறிப்பிட்ட கிரெடிட் படித்திருக்க வேண்டும் என்கின்றன.

கல்லூரித் தேர்வு நிஜமாகவே குறுக்கிடும் இடம் ஒன்று உண்டு: கமிட்டி லெட்டர். சில கல்லூரிகளில் ப்ரீமெட் (மருத்துவத்துக்குத் தயாராகும் மாணவர்களுக்கான) குழு ஒன்று மாணவரை மதிப்பிட்டு ஒரே கடிதமாக அனுப்பும். "உங்கள் கல்லூரியில் குழு இருந்தால் அந்தக் கடிதமே வேண்டும்" என்று கேட்கும் மருத்துவக் கல்லூரிகள் எவை என்று எம்சார் சொல்லும். சொல்லாதது, சில கல்லூரிகளில் அந்தக் குழுவே வடிகட்டி வேலையும் பார்க்கிறது என்பது. ஜிபிஏ குறைந்தவருக்குக் கடிதம் தராமலோ, அரைமனதாக எழுதியோ நிறுத்திவிட்டு, மிஞ்சியவர்களை வைத்து "எங்கள் மாணவர்களில் 90 சதவீதம் பேர் டாக்டர்கள்" என்று போட்டுக்கொள்வார்கள். கேம்பஸ் டூரில் நேராகக் கேளுங்கள்: முதலாண்டில் ப்ரீமெட் என்று சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர், கடிதத்துக்கு ஜிபிஏ எல்லை உண்டா, பட்டம் முடித்து இரண்டு வருடம் கழித்து வந்தாலும் கொடுப்பீர்களா? பதில் மழுப்பலாக வந்தால் அந்த 90ஐ மறந்துவிடலாம்.

குறைகளும் இருக்கின்றன. எம்டிக்கு இணையான இன்னொரு மருத்துவப் பட்டம் தரும் ஆஸ்டியோபதிக் எனும் டிஓ கல்லூரிகள் எம்சாரில் இல்லை. அவற்றுக்கு "சூஸ் டிஓ எக்ஸ்ப்ளோரர்" தனியாக, இலவசமாக இருக்கிறது. எண்கள் முந்தைய சேர்க்கைச் சுற்றுக்கு உரியவை. பள்ளியிலேயே எழுதும் ஏபி தேர்வுகளின் கிரெடிட்டை ஏற்பார்களா, இரண்டாண்டுக் கம்யூனிட்டி காலேஜ் பாடம் செல்லுமா என்பதற்குப் பல பக்கங்களில் ஒற்றை வரிதான். சந்தேகம் இருந்தால் அந்தக் கல்லூரியின் சொந்தத் தளத்தையும் திறந்தாக வேண்டும். இதைவிட முக்கியமாக, தேவையான பாடங்கள், பரிந்துரைக் கடித விதிகள் போன்றவற்றை "எம்சார் ரிப்போர்ட்ஸ்" என்ற பெயரில் பிடிஎஃப் கோப்புகளாக ஏஏஎம்சியே இலவசமாக வைத்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக்காரர்களுக்கு அதுவும் ஏ-23ம் போதும்.

மிச்சமாகும் பணம் 30 டாலர் மட்டுமல்ல. தனியார் கல்லூரி பலவற்றில் வருடச் செலவு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. மருத்துவம் முடிப்பவர்களில் கடன் உள்ளவர்களின் நடுமதிப்புக் கடன் 2 லட்சம் டாலர் அளவில். 2025இல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாக மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்குக் கடன் வாங்குகிறவருக்கு மத்தியக் கடன் வருடத்துக்கு 50,000, மொத்தம் 2 லட்சம் டாலர்தான். அதற்கு மேல் தேவைப்பட்டால் தனியார் வங்கிப் படியேற வேண்டும். பட்டப்படிப்பிலேயே சேமிப்பைக் கரைத்துவிட்டால் அப்போது கையைப் பிசைய வேண்டியதுதான்.

வாங்குவதானால் விண்ணப்பிக்கும் ஆண்டின் வசந்தத்தில், தரவு புதுப்பிக்கப்பட்ட பிறகு வாங்குங்கள். சந்தாக் காலம் வாங்கிய நாளிலிருந்தே ஓடத் தொடங்கும். வருமானம் குறைந்த குடும்பம் என்றால் ஏஏஎம்சியின் கட்டண உதவித் திட்டத்துக்கு முதலில் விண்ணப்பியுங்கள். கிடைத்தால் எம்சார் இலவசம், எம்கேட் கட்டணம் குறையும், ஆம்காஸில் 20 கல்லூரிகள் வரை கட்டணமில்லை. உதவி கிடைப்பதற்கு முன் கட்டிய பணம் திரும்பி வராது, ஆகையால் அட்டையை அதுவரை பர்ஸிலேயே வைத்திருங்கள்.